இருபத்துநான்கு பொத்தான்கள்

வியாழக்கிழமை காலை, படுக்கை விரிப்பைப் பாதி மடித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா தன் முனையை மேசைமேல் போட்டுவிட்டு அலமாரிப் பக்கம் போனாள். என்கூடப் பிறந்தவள் இல்லை, பதினோரு வருடமாக எனக்கு எதிரே நின்று மடிப்பவள். இப்படிப் பாதியில் விட்டுப் போனதே கிடையாது. கொஞ்சம் முன்னால்தான் அவளுக்கு ஃபோன் வந்திருந்தது. வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் தம்பி இன்றோ நாளையோ என்று இருக்கிறானாம். கண் விழிக்கும்போதெல்லாம் அக்கா வந்துட்டாளா என்றுதான் கேட்கிறானாம். அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தவள் அவள். அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடியை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து முனையைக் கையில் எடுத்தாள். டப்பா காலி என்பது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடம் எங்களுடையது. மொத்தம் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை தவிர லீவு என்ற பேச்சே கிடையாது. மீறி நின்றால் முதல் தடவை எச்சரிக்கைக் கடிதம், இரண்டாம் தடவை வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்று அக்கா அந்த முதல் கடிதத்தை எப்போதோ வாங்கியாயிற்று. அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் இந்த டப்பாவை வைத்தோம். துவைக்கும் மெஷினின் வடிகட்டியில் நோயாளிகளின் சட்டைப் பொத்தான்கள் சிக்கும். அதில் சிவப்பு அபூர்வம். சிவப்பாகவே தேடிப் பொறுக்கி, ஆளுக்கு இரண்டு என்று இருபத்துநான்கு சேர்த்தோம். ஆனால் எடுப்பதில் யாருக்கு எத்தனை என்று வரம்பு கிடையாது, தேவைப்பட்டவர் எடுக்கலாம். ஒன்றை எடுத்தவர் ஒரு நாள் வரவேண்டாம், அவர் வேலையை மற்றவர்கள் பங்குபோட்டுச் செய்வோம். வருடம் பிறந்தால் எல்லாம் திரும்ப டப்பாவுக்குள் வந்துவிட வேண்டும். சாயங்காலம் விரிப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் சூப்பர்வைசர் தலைகளை எண்ணமாட்டார். எதற்கு எடுக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. புருஷனோடு சண்டை போட்டு முகம் வீங்கி எடுத்தவள் உண்டு, சும்மா மனசு சரியில்லை என்று எடுத்தவர் உண்டு. எட்டு வருடமாக, வருடக் கடைசியில் நாலைந்து பொத்தான் மிச்சம்தான் இருக்கும். அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

இந்த வருடம் ஐந்தாம் மாதம் எவரோ ஒரு சேதி கொண்டுவந்தார். கைரேகை மெஷின் வரப்போகிறது, விரலை வைத்தால்தான் சம்பளம், அப்புறம் பொத்தானாவது மண்ணாங்கட்டியாவது. மறு வாரமே துவைக்கும் மெஷினை ஓட்டுகிறவர் மூன்று பொத்தான் எடுத்தார். திரும்பி வந்தபோது காது மடலில் வெள்ளைச் சுண்ணாம்பு. வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறார் மனுஷன். யாரும் கேட்கவில்லை, சட்டமாயிற்றே. ஆனால் அடுத்த நாளே இரண்டு பேர் எடுத்தார்கள், அப்புறம் மூன்று பேர். வராதவர்களின் வேலையெல்லாம் வந்தவர்கள் முதுகில் ஏறியது. முதுகு வலிக்க வலிக்க எனக்குள்ளும் ஒரு குரல், எல்லாரும் அள்ளிக்கொண்டு போகிறார்கள், நீ மட்டும் இளிச்சவாயா? கடைசியில் இரண்டே இரண்டு கிடந்தன. நீயும் எடுத்துக்கோயேன் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். இப்ப எனக்கு எதுக்கு, கிடக்கட்டும் என்றாள். இரண்டையும் நான் எடுத்தேன். முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் தூக்கமும் வராமல், அடுக்கிய அலமாரியையே கலைத்துத் திரும்ப அடுக்கினேன். கைரேகை மெஷின் இன்றுவரை வரவில்லை.

வியாழக்கிழமை டீ நேரத்தில் மற்றவர்களிடம் நான்தான் பேசினேன். அக்கா ஒரு நாள் போய் வரட்டும், ஏழு மணி நேர பஸ், ஞாயிற்றுக்கிழமைவரை தாங்காது, என்னோடு மடிக்க ஒரே ஒருத்தர் கை கொடுத்தால் போதும் என்றேன். எல்லாரும் டம்ளருக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள். மெஷின்காரர்தான் வாயைத் திறந்தார்.

"பொத்தான் இல்லாம ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் விடணும். ஏற்கெனவே முதுகு ஒடிஞ்சு கிடக்கு. நீயும் ரெண்டு நாள் போனவதானே?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்டாயிற்று, கிடைக்கவில்லை, இனி நம்மேல் குற்றமில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அன்றைக்கு முழுவதும் அக்கா என்னோடு மடித்தாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன், அதுவரைக்கும் இருப்பான் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். இருப்பான்க்கா என்றேன் நான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்ப ஃபோன் வந்தது. அக்கா காதில் வைத்துக் கேட்டாள், சரி என்றாள், வைத்துவிட்டாள். அழவில்லை. சூப்பர்வைசரே ஓடிவந்து சீட்டு எழுதிக் கொடுத்தார். உடன்பிறந்தவர்கள் இறந்தால் மூன்று நாள், சம்பளத்தோடு. கேட்காமலே கிடைத்தது. அக்கா அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செத்ததுக்கு மூணு நாள் குடுக்கறாங்க பாரு. நேத்து ஒரு நாள் போதும்னு இருந்துச்சு எனக்கு."

என்னால் தாங்க முடியவில்லை. கடைசி இரண்டையும் எடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். தெரியும் என்பதுபோல் தலையாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பிப் பார்த்தாள். குத்திக்காட்டிப் பேசத் தெரியாதவள், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அந்த ரெண்டு நாளும் நல்லாத் தூங்கினியா?"

கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் இன்னும் நூற்றிருபது விரிப்பு பாக்கி. யாரையும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஒரு விளிம்பைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு, கைகளை முடிந்தமட்டும் விரித்துப் பிடித்தேன். எட்டவில்லை. விரிப்பின் மறுமுனை ஈரத் தரையில் கிடந்து கறுத்துக்கொண்டிருந்தது.