ஏழாவது தூண்

ஏழாவது தூணின் தலையைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த போல்ட்டுகள் பொறியாளரின் கண்ணில் பட்டன. பாலத்துக்கும் தூணுக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பேரிங், லாரியில் வரும்போது குலுங்காமலிருக்க, இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கித்தான் வரும். பொருத்தியதும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். இங்கே மட்டும் மறந்திருக்கிறார்கள். பின்னால் வந்த பெயிண்டர்கள் அதையும் சேர்த்துச் சாம்பல் நிறம் அடித்துவிட்டார்கள். என்றைக்கும் அங்கேயே இருந்த பொருள்போல் அது தெரிந்தது.

பூமி அதிரும்போது மேலே உள்ள பாலம் தூணோடு இழுபடாமல் தன் போக்கில் ஆட வேண்டும். அதற்குத்தான் அந்த ரப்பர். கட்டிப்போட்டால் உலுக்கலின் பெரும்பகுதியை இந்த ஒரு தூணே வாங்கும்.

அவள் மேஸ்திரியை அழைத்துக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். ஆளை மேலே தூக்கும் வண்டி வேறு சைட்டுக்குப் போய்விட்டது, திரும்ப ஒரு வாரமாவது ஆகும் என்றார்.

“மேடம், நீங்க சாயங்காலம் ஊருக்குக் கிளம்புற ஆளு. இதைப் பார்க்காமலே போயிருந்தா?”

“பார்த்துட்டேனே அண்ணே.”

“பாலம் என்ன எழுந்து ஓடவா போகுது? ஜம்முனு நிக்கும்.”

“நிக்கிறதுக்கு இது எதுக்கு? ஆடுறதுக்குத்தானே வச்சோம்.”

அவர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். வேறு யாரும் பார்க்கவில்லை, இனி பார்க்கப்போவதுமில்லை என்று இருவருக்கும் தெரியும். அவள் மேலாளருக்கு ஃபோன் செய்தாள். பாலத்தின் திறப்பு தள்ளிப்போகும் என்றதும் அவர் குரல் மாறியது. மாற்று ஆள் கிடையாது, முடியும்வரை நீங்களே இருந்து பாருங்கள் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

அறையில் பெட்டி கட்டியாகிவிட்டது. கேஸ் அடுப்பைக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். சுருட்டிய மெத்தையை மறுபடி விரித்து அதன் மேல் உட்கார்ந்து, அக்கா வீட்டில் வளரும் மகனை அழைத்தாள். வருகிறேன் என்று சொல்லித் தள்ளிப்போடுவது இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே நினைவில்லை. அழுவான், கோபித்துக்கொள்வான் என்று சமாதானங்களைத் தயாராக வைத்திருந்தாள்.

“சரிம்மா,” என்றான். “பெரியம்மாகிட்ட குடுக்கவா?”

எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை. அக்கா பேசியதற்கெல்லாம் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்த அன்று அவளே மேஸ்திரியோடு அதன் கூண்டில் ஏறினாள். பெயிண்ட் இறுகிப் பிடித்திருந்ததால் நட்டுகள் எளிதில் அசையவில்லை. கடைசி நட்டு கழன்று, பட்டை அவர் கைக்கு வந்தபோது, ஏதோ விடுபடப்போகிறது என்பதுபோல அவள் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை.

“அவ்வளவுதானா மேடம்?”

“அவ்வளவுதான்.”

கையுறையைக் கழற்றிவிட்டு ரப்பரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் லேசாகச் சுட்டது. தலைக்கு மேலே, பால வேலைக்கான தண்ணீர் லாரி ஒன்று ஊர்ந்து போயிற்று. அதன் நடுக்கம் மெல்லக் கைக்குள் வந்து, கொஞ்ச நேரம் இருந்து, போய்விட்டது. மேஸ்திரி கூண்டை இறக்கலாமா என்று கேட்டார். அவள் கையை எடுக்கவில்லை.