அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை

அலமாரியிலிருந்த ஏழாவது சட்டையையும் உதறிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் எறிந்தாள் மகள். அதுவும் ரோஸ். வாங்கும்போது எல்லாமே வெள்ளைதான். இந்தத் தெருக் குழாய்த் தண்ணீரில் நாலு தடவை அலசினால் எல்லாச் சட்டையும் ஒரே கட்சியில் சேர்ந்துவிடும்.

கூடத்தில் அப்பா, கேன் தண்ணீரில் குளிப்பாட்டப்பட்டு, பேண்ட்டோடு கிடந்தார். காலையில் சாயப்பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

"எதையாவது போடும்மா. அவர் என்ன கல்யாணத்துக்கா போறார்?" என்றாள் அத்தை, அழுதபடியே.

"வெள்ளைதான் போடணும் அத்தை. ஆயுசுக்கும் அந்தக் கலர்லயே கிடந்தது போதும்."

பட்டறை மேனேஜர் மலர்வளையத்தோடு வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அவர் வீடு மேட்டுப்பக்கம். அங்கே தண்ணீர் வேறு. இரண்டு நிமிடம் தலைகுனிந்து நின்றார். மூன்றாவது நிமிடம் அவளிடம் வந்தார்.

"தப்பா நினைக்காதம்மா. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். மாப்பிள்ளை எந்திரிக்க மாட்டேங்குறான். அப்பா ஏதோ வித்தை வச்சிருந்தார். உன்கிட்ட சொல்லியிருக்காரா?"

மாப்பிள்ளை என்பது பிளாஸ்மா இயந்திரம். தொட்டிக்குள் குட்டிக் குட்டி மின்னல்களை விட்டு, கழிவுநீரிலுள்ள சாயத்தை உடைத்துப்போடும். கால் மணி நேரத்தில் ரத்தச் சிவப்புத் தண்ணீர் தெளிந்துவிடும். அது உதவாத இயந்திரமாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கரண்ட் செலவென்று அதை மூடி வைத்துவிட்டு, சாயத் தண்ணீரை அப்படியே வெளியே விடுவார்கள்; சோதனைக்கு ஆள் வரும் அன்று மட்டும் எழுப்புவார்கள். விருந்தாளி வந்தால்தான் எழுந்திருப்பான் என்று அப்பா வைத்த பெயர். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே எழுப்பிவிட்டு வந்ததும் அப்பாதான். அந்தக் கோபத்தை இனி யாரிடம் போய்க் காட்டுவது?

"சொல்லியிருக்கார்."

மேனேஜர் முகம் தெளிந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"உங்க சட்டையைக் கழட்டிக் கொடுங்க. சொல்றேன்," என்றாள், வாசல்வரை கேட்கும்படி.

"என்னம்மா இது..."

"வெள்ளைச் சட்டை வேணும். இந்த வீட்ல இல்ல. ஏன் இல்லேன்னு உங்களுக்குத் தெரியும்."

அத்தை அழுகையை நிறுத்தினாள். மேனேஜர் வாசலைப் பார்த்தார். பட்டறை ஆட்கள் நாற்பது பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அவளும் அத்தையுமாக அப்பாவின் கைகளை மெல்ல நுழைத்தார்கள். சட்டையில் இன்னும் சூடு இருந்தது.

"அந்த வித்தை..." என்றார் மேனேஜர், பனியனோடு.

"வித்தையெல்லாம் ஒண்ணுமில்ல சார். சும்மாவே கிடந்தா கம்பி முனையில சாயம் காய்ஞ்சு ஒட்டிக்கும். பொறி வராது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் அப்பா உட்கார்ந்து தேய்ப்பார். தினமும் ஓட்டினா தேய்க்கவே வேண்டாம்."

அப்பாவின் பொருட்களோடு பட்டறையிலிருந்து வந்த பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். நாரெல்லாம் சிவப்பு.

"இன்னிக்குப் பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதியை நீங்க தேய்ங்க."

அவர் வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பதென்று தெரியாமல் இல்லாத பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

சட்டை அப்பாவுக்குப் பெரிது. கழுத்தில் இரண்டு விரல் நுழையும். அவள் மேல் பட்டனையும் போட்டுவிட்டாள்.