வாசலோரத்து நாற்காலி

ஜலஜாவின் ஆங்கில வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக ஒரு சொல்லோ மரபுத்தொடரோ படித்தால், அதை நிஜமான ஒரு மனிதர்மேல் ஏற்றிச் சொல்லிக் காட்ட வேண்டும். ‘ஒருவன் இப்படிச் செய்தான்’ என்று மொட்டையாகச் சொன்னால் செல்லாது. பெயர் வேண்டும், அந்த ஆளின் குணம் வேண்டும். அப்போதுதான் சொல் நாக்கில் ஒட்டும் என்பது அவள் கட்சி. பாலிகஞ்ச் ஃப்ளாட்டின் ஹாலில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு தூர தேசத்துக்காரர்களுக்குப் பாடம் எடுத்துப் பிழைப்பவள் அவள். இந்தச் சட்டத்தால் அவள் மாணவர்கள் யாரும் கெட்டுப்போனதில்லை.

தன் உதாரணங்களுக்கு அவள் வைத்திருந்த மனிதர், அவள் புருஷன் வெங்கடநாராயணன். தமிழில் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. ‘அவர்’, ‘எங்காத்துல’, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மட்டும் ‘வெங்கட்’ என்று வெட்கமில்லாமல் வந்தது. ‘வெங்கட் இஸ் அண்டர் த வெதர்’ என்றால் வெங்கட்டுக்கு இன்று உடம்பு சரியில்லை. நாளைக்குச் சரியாகிவிடும், வேறு உதாரணத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

ஆனால் மனிதர் காணாமல் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகப்போகிறது என்பது எந்த மாணவருக்கும் தெரியாது.

அன்று தன் அப்பாவின் திவசத்துக்கு வாழையிலை வாங்கக் கரியாஹாட் சந்தைக்குக் கிளம்பினார். அன்றைக்கும் அவள் காதில் ஹெட்ஃபோனோடு வகுப்பில் இருந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு “போயிட்டு வரேன்” என்றார். அவள் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினாள். அதோடு சரி. போலீஸ், ஆஸ்பத்திரி, ரயில்வே லைன் என்று தேடாத இடமில்லை. ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் புரட்டாசி நெருங்க நெருங்க, அலிப்பூரில் சர்க்கார் ஆபீசில் இருக்கும் மைத்துனன் சிவராம் வாரம் தவறாமல் வந்தான்.

“மன்னி, பன்னெண்டு வருஷம் ஆயிட்டா தர்ப்பையில உருவம் பண்ணிக் காரியம் பண்ணிடணும்கறார் சாஸ்திரிகள். மஹாளயத்துக்கு முன்னாடி முடிச்சுடலாம். அண்ணாவை இப்படி அந்தரத்துல விடறது நியாயமா, சொல்லுங்கோ.”

“உங்கண்ணா போறேன்னு சொல்லிட்டா போனார்? போயிட்டு வரேன்னுதானே சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாத்தறவர்.”

“நீங்க சரின்னு சொல்லாம நான் தர்ப்பையைத் தொடமாட்டேன். ஆனா யோசிங்கோ.” சிவராம் எழுந்து, “வரேன் மன்னி” என்று கிளம்புவான். அவளும் “போயிட்டு வா” என்று அனுப்பிவைப்பாள். பிள்ளையில்லாத வீட்டில் அதைச் சொல்ல அவன் ஒருவன்தான் இருந்தான்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவள்தான் அக்னியெஷ்கா. போலந்துக்காரி, நர்ஸ், முப்பது வயசு இருக்கலாம். ஊர் பெயரை லோட்ஸ் என்று எழுதிவிட்டு வூச் என்று படித்தாள். அயர்லாந்தில் வேலைக்குப் போக உயர்நிலை ஆங்கிலப் பரீட்சை தேற வேண்டுமாம். இலக்கணம் அத்துப்படி. மரபுத்தொடர்தான் தகராறு. சுலபமான காரியத்துக்கு ஆங்கிலத்தில் ‘பீஸ் ஆஃப் கேக்’ என்று சொல்லிக்கொடுத்தால், “எங்கள் பாஷையில் வெண்ணெய் தடவிய ரொட்டி என்போம்” என்றாள். “எங்களுக்கு அல்வா” என்றாள் ஜலஜா. மூன்று நாட்டிலும் சுலபம் என்றால் வாயில் போட்டுக்கொள்வதுதான் போலும் என்று இருவரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஜலஜா அப்படிச் சிரித்தது அபூர்வம்.

சட்டத்தைச் சொன்னதும் அக்னியெஷ்கா உதட்டைப் பிதுக்கினாள். “நான் தனி ஆள். சொல்லும்படியாக யாரும் இல்லை. உங்கள் வெங்கட்டை வைத்துக்கொள்ளட்டுமா?”

“தாராளமாக,” என்றாள் ஜலஜா.

முதலில் சாதாரண வாக்கியங்களாகத்தான் வந்தன. ஒரு நாள், எதிலும் அவசரப்படாமல் நிதானமாக இருப்பதற்கு ஒரு தொடர் சொல்லிக்கொடுத்தபோது அவள் சொன்னாள்: “வெங்கட் நிதானமானவர். பேப்பரை நாலாக மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, வேட்டி நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். இடது கண்ணாடியை மட்டும்தான் துடைக்கிறார்.”

இடது கண்ணாடி விஷயம் சிவராமுக்குக்கூடத் தெரியாது.

“இதெல்லாம் யார் சொன்னார்கள் உனக்கு?”

“யார் சொல்ல வேண்டும்? தினமும் பார்க்கிறேனே. உங்களுக்குப் பின்னால், வாசலோரத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதும்தான்.” அக்னியெஷ்கா புன்னகையோடு கையசைத்தாள், ஜலஜாவின் தோளுக்கு மேலே பார்த்து.

ஜலஜா திரும்பினாள். நாற்காலி காலி. பக்கத்து ஸ்டூலில் காபி டம்ளர். மூன்று மணிக்கு அவருக்கென்று ஆற்றி வைப்பதை அவள் இன்னும் விடவில்லை. உறவுக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது அவளுக்குத் தெரியும். திரையின் மூலையில் தன் படம் தெரியும் சின்னச் சதுரத்தையும் பார்த்தாள். அதிலும் வெறும் நாற்காலிதான்.

பயந்தாள். பயம் இல்லாமல் என்ன? அன்றைக்கு வகுப்பைப் பாதியிலேயே முடித்தாள். ஆனால் மறுநாள் மத்தியானமே மனசு அடித்துக்கொண்டது. பவுடர் போட்டு, பொட்டைத் திருத்தி வைத்துக்கொண்டு, மூன்று அடிப்பதற்கு முன்பே லாப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் கழித்துப் புருஷன் வீட்டில் இருக்கிறார். பேயோ பிசாசோ, அவள் புருஷன்.

அதன் பிறகு பாடம் தலைகீழாயிற்று. புதுத் தொடர் ஒன்றைக் கொடுப்பாள். அக்னியெஷ்கா அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, வெங்கட் என்ன செய்கிறார் என்று அந்தத் தொடரைப் போட்டுச் சொல்வாள். சட்டை என்ன நிறம்? இளைத்திருக்கிறாரா? காபி குடிக்கிறாரா? குடிக்கிறார் என்றாள் அக்னியெஷ்கா. வகுப்பு முடிந்து ஜலஜா எடுத்துப் பார்த்தால் ஆடை கட்டி, ஒரு சொட்டும் குறையாமல் இருக்கும்.

“வகுப்பு முடியும்போது அவரும் எழுந்து போகிறார்,” என்றாள் ஒரு நாள். “வாசலில் நின்று உங்களிடம் ஏதோ சொல்கிறார். இரண்டு சொல்தான். நீங்கள் ஏன் பதில் சொல்வதில்லை?”

ஜலஜா ‘போயிட்டு வரேன்’ என்பதை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் காட்டினாள். அக்னியெஷ்கா அன்று முடியும்போது உற்றுப் பார்த்து, “ஆமாம், வாய் அப்படித்தான் அசைகிறது,” என்றாள். “அழகாக இருக்கிறதே, போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்று சொல்வது. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்வீர்களா?”

“எந்த வீட்டிலிருந்தும்.”

அது முழு உண்மை இல்லை. சாவு வீட்டில் மட்டும் சொல்ல மாட்டார்கள். எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வாய் திறக்காமல் போய்விடுவார்கள். அங்கே ‘வரேன்’ என்றால் அந்தத் துக்கமும் திரும்பி வரும் என்று அர்த்தம். இதைச் சொல்ல ஜலஜாவுக்கு நாக்கு எழவில்லை. தினம் வரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார், தினம் வருகிறார். சிவராம் தர்ப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போகட்டும் என்று இருந்தாள்.

பரீட்சைக்கு முந்தின வகுப்பு. மழை இறங்கியும் இறங்காமலும் வானம் மூட்டமாக இருந்தது. எங்கோ பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டும் சத்தம். கற்ற தொடர்களிலிருந்து எதையாவது எடுத்து ஒரு வாக்கியம் சொல் என்றாள் ஜலஜா. அக்னியெஷ்கா வழக்கம்போல எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“வெங்கட் இஸ் இன் லிம்போ,” என்றாள்.

அந்தரத்தில். சிவராம் சொன்ன அதே சொல். “ஏன் இதை எடுத்தாய்?” என்று கேட்ட குரல் ஜலஜாவுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“நான் வார்டில் வேலை பார்ப்பவள், டீச்சர். இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். உட்காரவும் முடியாது, போகவும் முடியாது. முன்பெல்லாம் இப்படி இல்லை. நாளுக்கு நாள் களைத்துப்போகிறார். யாரோ பிடித்து வைத்திருப்பதைப் போல.”

ஜலஜா ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள். நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, காலி நாற்காலியைப் பார்த்து, தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

“சிவராம் காரியம் பண்ணிடலாம்கறான். நான் மாட்டேன்னுட்டேன். நீங்கதான் வரேன்னு சொன்னேளே. நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்கோ.”

மூங்கில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. ஸ்பீக்கருக்கு மாற்றிவிட்டு, “என்ன செய்கிறார்?” என்றாள், திரைப் பக்கம் திரும்பாமல்.

“நீங்கள் பேசியதைக் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து நிற்கிறார். உங்களுக்கு வெகு பக்கத்தில்.” ஜலஜாவின் கன்னத்தில் ஈரமாக, மழைக்காற்று மாதிரி ஏதோ பட்டது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. “இப்போது வாசலுக்குப் போகிறார். செருப்பை மாட்டிக்கொள்கிறார்.”

“வாயைப் பார். அக்னியெஷ்கா, நன்றாகப் பார். என்ன சொல்கிறார்?”

அக்னியெஷ்கா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

“ஒன்றும் சொல்லவில்லையே, டீச்சர். உங்களைப் பார்க்கக்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டு அப்படியே போய்விட்டார். கோபமா அவருக்கு?”

ஜலஜா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மாடிப்படியில் யாரும் இல்லை. இரண்டு மாடி கீழே, ஈரச் செருப்பு ‘சளக் சளக்’ என்று இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த நடை. அன்றைக்கு ஹெட்ஃபோனில் கேட்காமல் போன நடை. ‘போயிட்டு வாங்கோ’ என்பது வாய்வரை வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னால் போதும், நாளைக்கு மூன்று மணிக்கு நாற்காலியில் இருப்பார், இன்னும் கொஞ்சம் களைத்துப்போய். அவள் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“போங்கோ,” என்றாள்.

செருப்புச் சத்தம் ஒரு படியில் நின்றது. பிறகு இறங்கிப் போயிற்று. கீழே கேட் திறந்து சாத்திக்கொண்டது.

உள்ளே வந்தபோது அக்னியெஷ்கா திரையில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். “காலி நாற்காலிதான் தெரிகிறது, டீச்சர்.”

“எனக்கும்தான்,” என்றாள் ஜலஜா. பரீட்சைக்கு வாழ்த்துச் சொல்லி லாப்டாப்பை மூடினாள். காபியைத் தொட்டியில் கொட்டி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அழுதாள், சத்தம் போட்டே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிவராமுக்குப் போன் போட்டாள்.

“சாஸ்திரிகள்கிட்ட நாள் கேளு, சிவராம். பண்ணிடலாம்.”

“எல்லாம் நான் பார்த்துக்கறேன், மன்னி,” என்றான் சிவராம். “சாமானெல்லாம் நானே வாங்கிண்டு வந்துடறேன்.”

“எல்லாம் வாங்கு. வாழையிலைக்கு மட்டும் நீ போகாதே. ஆத்துக்கே கொண்டுவந்து குடுக்கச் சொல்லு.”