மூன்று ஸ்பீக்கரும் ஒரு விரலும்

என் தங்கையும் அவள் புருஷனும் சண்டை போட்டால் சத்தமே வராது. கல்யாணமான புதிதிலிருந்தே அவர்களுக்குள் ஒரு பந்தயம். கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் தோற்றவர். தட்டில் சோறு வரும், தேய்த்த சட்டை வரும், வாயில் மட்டும் பூட்டு. மாப்பிள்ளைக்கு வீட்டிலேயே தையல் வேலை. மிஷினில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு மனித சகவாசமே வேண்டாம். நல்ல ஜோடிடா சாமி என்று நான்தான் தலையில் அடித்துக்கொள்வேன்.

பிறகு அவளுக்கு உடம்பை ஒவ்வொன்றாக முடக்குகிற ஒரு நோய் வந்தது. முதலில் கால், அப்புறம் கை, அப்புறம் நாக்கு. மிச்சமிருந்தது வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். கட்டிலுக்கு எதிரே கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் வரிசையாக நகரும். வேண்டிய எழுத்து வரும்போது விரலடியில் இருக்கும் பட்டனை அழுத்துவாள். வார்த்தை சேர்ந்ததும் கம்ப்யூட்டர் அதை வாசிக்கும், உடனே திரை காலியாகிவிடும். கண்ணால் எழுதுகிற கருவியையும் கொண்டுவந்து பார்த்தோம். அவள் கண்ணில் ஓயாமல் தண்ணீர் கொட்டியது, சரிப்பட்டு வரவில்லை. "அந்த விரல் எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாதும்மா. பேச வேண்டியதையெல்லாம் இப்பவே பேசிக்குங்க" என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் ஸ்பீக்கர் வாங்கினேன். மிஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்து அறையில் இடி விழுந்தாலும் மாப்பிள்ளைக்குக் கேட்காது. தையல் அறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் ஒன்று. வயரே கிடையாது. அவள் படுத்த இடத்திலிருந்து ஒரு வார்த்தை தட்டினால் வீடெங்கும் கேட்கும். குரல் அவளுடையது இல்லை, செய்தி வாசிக்கிற மாதிரி யாரோ ஒருத்தியுடையது. ஆனால் அதில் வருகிற கிண்டல் அச்சு அசல் அவள்தான். "பால் தீயுது, மூக்கை எங்க கழட்டி வெச்சீங்க" என்பாள். அவள் அதைத் தட்டி முடிப்பதற்குள் பால் கருகியே போயிருக்கும். இருந்தாலும் சொல்லாமல் விடமாட்டாள்.

எனக்கு வேலை ஒரு கால் சென்டரில். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள். லீவு நாளில்தான் தங்கை வீட்டுக்குப் போக முடியும். அன்று போனபோது மாப்பிள்ளை ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தினுசான சிரிப்பு.

"உங்க தங்கச்சி எங்கூட பேசறதில்லக்கா."

"இப்ப என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"முடியை வெட்டிவிட்டேன். தலைக்குத் தண்ணி ஊத்தி, காய வெச்சு, சிக்கெடுக்கறதுக்குள்ள அவளுக்குக் கழுத்து வலிக்குதேன்னு... ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

"கத்திரிக்கோல் கையில இருந்தா எதை வேணா வெட்டிடறதா? அது என்ன மிச்சத் துணியா?"

"அவளும் அதையேதான் கேட்டா. இனிமே உங்களோட பேச்சே இல்லன்னு மூணு ஸ்பீக்கர்லயும் சொன்னா. அதோட சரி. இன்னியோட அஞ்சு நாளாச்சு." மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "தப்பா நெனைக்காதீங்கக்கா, உள்ளுக்குள்ள எனக்கு சந்தோஷமாத்தான் இருக்கு. படுத்ததுலேர்ந்து அவ கிண்டல் பண்ணுவா, ஆனா கோச்சுக்கவே மாட்டா. எனக்கு பாரமாயிட்டோம்னு அவளுக்கு ஒரு பயம். இப்பதான் பழைய மாதிரி முறுக்கிக்கிட்டா. நானும் விட்டுக்குடுக்கல. பட்டனை நகத்தி வெச்சுட்டுத் திருப்பிப் படுக்க வெக்கறேன், ஊட்டறேன், தொடைச்சு விடறேன், பட்டனை மறுபடி விரலுக்கடியில வெச்சுட்டு வந்துடறேன். வாயே திறக்கல. அவளும் கண்ணை மூடிக்கறா. பாப்போம், யாரு தோக்கறான்னு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதுகளைத் திருத்தவே முடியாது என்று நினைத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

முடி கழுத்தோடு நின்றது. தையல்காரர் வெட்டு, அளவு பிசகாமல் நேராக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. "ஏய், நல்லாத்தானடி இருக்கு" என்றேன். அவள் கண் திரைக்குப் போனது, என்னிடம் வந்தது, மறுபடி திரைக்குப் போனது. ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பு. அப்டேட் முடிந்துவிட்டதாம், புதிய வசதிகளைப் பார்க்கச் சொன்னது. தேதியைப் பார்த்தேன். அவள் பேச்சே இல்லை என்று சொன்னதற்கு மறுநாள் விடிகாலை.

சத்தம் எதன் வழியாகப் போகிறது என்று திறந்து பார்த்தேன். கம்ப்யூட்டரின் சொந்த ஸ்பீக்கருக்கு மாறியிருந்தது, அதுவும் முனகுகிற அளவில். மூன்று ஸ்பீக்கருக்கும் எதிரே ‘இணைப்பு இல்லை’ என்று போட்டிருந்தது. சமையலறைக்கு ஓடினேன். ஸ்பீக்கரின் நீல விளக்கு விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. அப்படி மினுக்கினால் அது கம்ப்யூட்டரைத் தேடுகிறது என்று அர்த்தம்.

"மாப்ள! இந்த லைட்டு இப்படி மினுக்குதே, பாக்கலையா நீங்க?"

"பாத்தேன். அவதான் பேசலையே, அது சும்மா கெடக்குதுன்னு நெனைச்சேன். ஏன்க்கா?"

எல்லாவற்றையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றையும் பட்டியலிலிருந்து அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தேன். சமையலறை ஸ்பீக்கர் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. "யாருடா உங்களை அப்டேட் பண்ணச் சொன்னா, யார் அழுதா" என்று முகம் தெரியாதவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில், அப்டேட் கொண்டுவந்து வைத்த புது டிரைவர், அதாவது சத்தத்தை இயக்குகிற புரோகிராம்தான் ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. பழையதற்கே மாற்றி, கம்ப்யூட்டரை மறுபடி ஓடவிட்டேன். மினுக்கல் நின்று மூன்று விளக்கும் நிலையாக எரிந்தன. சோதனைக்காக ஒரு மணியோசை வைத்தேன். வீடு முழுக்க அடித்தது.

மாப்பிள்ளை இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்தார். "இவ்வளவு நாளா இது வேலையே செய்யலையா? அப்ப இவ பேசியிருந்தா?"

"பேசியிருந்தா இந்த ரூமைத் தாண்டியிருக்காது. அவளுக்கு மட்டும் கேட்டிருக்கும். உங்க காதுல விழுந்தும் நீங்க வரலன்னு நெனைச்சிருப்பா."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் தங்கையின் பக்கம் குனிந்தேன். "எல்லாம் சரியாயிடுச்சுடி. இப்ப அவரை நல்லா திட்டு. வீடே அதிரட்டும்."

எழுத்துகள் நகர்ந்தன. முதல் வரிசை போனது, இரண்டாவது போனது, கடைசிவரை போய் மறுபடி முதலிலிருந்து வந்தன. விரல் பட்டன்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. புறங்கையில் ஒரு நரம்பு மட்டும் லேசாகத் துடித்து அடங்கியது. நான் என் விரலை அவள் விரலுக்கடியில் வைத்தேன். "தள்ளுடி. எங்க, என்னைத் தள்ளு." எதுவும் இல்லை. ஆமாம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இருமுறை கண் சிமிட்டுவது அவள் வழக்கம். "முடியலையா?" என்றேன். ஒருமுறை சிமிட்டினாள். "நேத்துலேர்ந்தா?" மறுபடி ஒருமுறை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்பீக்கர்களைச் சுவரில் அடித்து உடைத்திருப்பேன். அவள் கைவசம் இருந்ததே கொஞ்சம் வார்த்தை. அத்தனையும் இந்த நாலு சுவருக்குள் வீணாய்ப் போய்விட்டது. திட்டுவதற்குக்கூட யாரும் இல்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மாப்பிள்ளை அழவில்லை. கட்டிலோரம் மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேராக வந்தார்.

"கூப்டியாம்மா?"

ஒருமுறை சிமிட்டினாள்.

"நெறைய தடவையா?"

ஒருமுறை.

"எங்கயாச்சும் வலிச்சுதா?"

இருமுறை.

"தண்ணியா? மூச்சு முட்டுச்சா?"

இருமுறை.

"என்னைத் திட்டினியா? திட்டியிருந்தா பரவால்லம்மா, சொல்லு."

இருமுறை.

"கோவம் போயிடுச்சுன்னு சொன்னியா?"

கொஞ்சம் யோசித்தாள். அதற்கும் இல்லைதான். எனக்காவது தெரியுமா என்பதுபோல் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்? அவர் மறுபடி அவள் பக்கம் திரும்பினார்.

"‘ஏங்க’ன்னு கூப்டியா? வெறும் ‘ஏங்க’ மட்டுந்தானா?"

அவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.

அவர் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா," என்றார். "இதோ வந்துட்டேன். சொல்லு."