அடையாள அட்டைக்கு எடுத்த படம்

“ஆரத்தித் தட்டை நீங்கதான் பிடிக்கணும், ராக்காயி அக்கா. தோட்டத்துல மூத்தவங்க நீங்க,” என்றார் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கம். “வர்றவரு லேசுப்பட்ட ஆள் இல்ல. உளவுத்துறையில படிப்படியா ஏறி, இப்ப நாட்டுக்கே பாதுகாப்பு ஆலோசகர். அவரு கையால புது வீட்டுச் சாவி குடுக்கப் போறாரு.”

அவர் நீட்டிய நோட்டீசில் இருந்த ஆலோசகரின் படத்தை ராக்காயி உற்றுப் பார்த்தாள். தலை நரைத்திருந்தது, இடது புருவத்து வெட்டு மட்டும் அப்படியே.

“இவனா? இவன் போட்டோ மாத்தயா இல்ல?”

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் கேமராவோடு தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்தவன்; சிங்களவன் என்பதால் ‘ஐயா’ என்பதற்குச் சிங்களச் சொல்லான ‘மாத்தயா’ என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். அடையாள அட்டைக்கு இலவசமாகப் படம் எடுப்பதாக நல்ல தமிழில் சொன்னான். அட்டைக்கு ஏங்கிக் கிடந்த சனம் வரிசையில் நின்றது, கேட்காததையும் சொன்னது. ராக்காயியும் சொன்னாள்: “எந் தம்பி வீரபத்திரன் வவுனியாவுல இருந்து திருவிழாவுக்கு வர்றான். அவனையும் எடுங்க மாத்தயா.” போர் நடந்துகொண்டிருந்த வடக்கிலிருந்து வந்தவன் என்றாலே ராணுவம் சந்தேகப்பட்ட காலம் அது. அவளே தம்பிக்குத் தலை சீவிவிட்டு, கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தாள். மூன்றாம் நாள் ராணுவ ஜீப் வந்தது; அந்தப் படத்தை வைத்தே ஆளை அடையாளம் பார்த்து ஏற்றிப் போனார்கள். போனவன் போனவன்தான்.

“பழசைக் கிளறாதீங்க அக்கா. வீடு கைக்கு வராமப் போயிரும்.”

“தட்டை நானே பிடிக்கிறேன், தலைவரே. நீங்க போங்க.”

மறுநாள் மேளச் சத்தத்தோடு ஆலோசகர் வந்து இறங்கினார். ராக்காயி தட்டைச் சுற்றவில்லை. வழியை மறித்து நின்றாள்.

“மாத்தயா, எந் தம்பி வீரபத்திரன் எங்க?”

சிரிப்பு மாறாமல் ஆலோசகர் சொன்னார்: “எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன், அம்மா. ஞாபகம் இல்ல. எழுதிக் குடுங்க.”

பக்கத்தில் நின்ற அதிகாரி, “காணாமப் போனவரோட போட்டோ ஒண்ணும் வேணும்,” என்றார்.

“போட்டோவா? அவன் பொறந்ததுல இருந்து எடுத்தது ஒரே ஒரு போட்டோ. எடுத்தவரு இந்தா நிக்கிறாரு. அதைக் காட்டி இவரு பதவி வாங்கினாரு. எங்கிட்டயா கேக்குறீங்க?”

மேளம் நின்றுவிட்டது. ஆலோசகர் அவளைப் பார்க்காமல் திரும்பி வாகனத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

“சாவி போச்சே அக்கா!” என்று முத்துலிங்கம் தலையில் கை வைத்தார்.

“சாவிய விடுங்க,” என்றாள் ராக்காயி. “ஞாபகம் இல்லாதவன் எதுக்குய்யா இந்த ஓட்டம் ஓடுறான்?”