வெளுப்பு

செவிலிமேட்டில் கிறிஸ்டோபர் தன் மனைவி சுகாசினியை அறைந்தபோது, அவள் கன்னத்துக் கறுப்பு நிறம் அவன் உள்ளங்கையோடு வந்துவிட்டது. கன்னத்தில் ஐந்து விரலும் சுண்ணாம்பு வெள்ளையாகப் பதிந்திருந்தன. அவன் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவன், கை நாளுக்கொரு நிறத்தில் இருக்கும், அதனால் இந்தக் கறுப்பை முதலில் யாரும் கவனிக்கவில்லை. அடிப்பதற்கும் வெளுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் ஊரில் இது முன்பே நடந்திருக்க வேண்டும். ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் தெரியவில்லை.

எல்லாம் தேமலில் ஆரம்பித்தது. கோடையில் அவள் கழுத்தில் தேமல் படர்ந்தது. வெறும் பூஞ்சைதான், களிம்பு போட்டால் போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னது அவன் காதில் ஏறவில்லை. வாலாஜாபாத்திலிருந்து பேர் ஒட்டாத டப்பாவில் சிவப்பழகு கிரீம் வாங்கிவந்து, அவள் முடியைப் பிடித்துக்கொண்டு தானே பூசினான். தோல் வெங்காயச் சருகாக மெலிந்தது. தேமலோ கொழுத்து முகத்துக்கு ஏறியது. அந்த ஆத்திரத்தில்தான் அறைந்தான். அறைந்த இடம் வெளுத்ததும் கிரீமைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, முதுகு, தோள், தொடை என்று இண்டு இடுக்கு விடாமல் அடித்தான். அவள் வெளுக்க வெளுக்க அவன் கை முழங்கைவரை கறுத்தது. அக்கம்பக்கத்துப் பாவிகள் அவளிடம் கிரீமின் பேரைக் கேட்டார்கள். விஷயம் தெரிந்த சில ஆண்கள் தங்கள் வீட்டிலும் கை ஓங்கிப் பார்த்தார்கள். அங்கெல்லாம் வீக்கம்தான் கண்டது.

ஏஞ்சல் பிறந்தாள். நல்ல கறுப்பு. கிறிஸ்டோபர் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துக் கையை ஓங்கினான்.

“ஞானஸ்நானத்துக்கு முன்னாடி இதயும் வெளுத்துட்றேன். அப்பதான் ஃபோட்டோல நல்லா விழும்.”

“கைய எறக்குய்யா,” என்றாள் சுகாசினி.

அவன் இறக்கவில்லை. பச்சை உடம்புக்காரி எழுந்து விட்ட முதல் அறையிலேயே அவன் பல் தெறித்தது, அவள் நிறம் அவள் கைக்குத் திரும்பியது. அப்புறம் அவள் நிறுத்தவில்லை. மூக்கு உடைந்தது, விலா முறிந்தது, தரையெல்லாம் ரத்தம். தன் நிறம் முழுவதையும் வாங்கிக்கொண்டவள் அவன் நிறத்தையும் சேர்த்து உருவிக்கொண்டாள். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

“இன்னாமா, ரெண்டு ஆள் கறுப்பு ஏறிக்கினு இருக்குது?” என்று எதிர்வீட்டுப் பூவம்மாள் கேட்டாள்.

“எல்லாம் என்னுதுதான்க்கா.”

தெருவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கிறிஸ்டோபர் இப்போது எண்ணெய்க் காகிதம் மாதிரி இருக்கிறான். வெயிலில் குடை இல்லாமல் வேலைக்குப் போவதில்லை. ஏஞ்சல் தவழ்ந்து அவனிடம் போகும்போதெல்லாம், சுகாசினி பார்க்கும்படி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான்.