ஆறு கைகள் நடுநிலை

ஒரு வருடம் நான் ஆக்டோபஸாக இருந்தேன். சிரிக்க வேண்டாம். துறைமுகத்தை ஆழப்படுத்துகிறோம் என்று சொல்லிப் பவளப்பாறையைத் தோண்டப் போகிறார்கள் என்றதும், பழைய மெத்தையைக் கிழித்து நானே தைத்த வேஷம் அது. இரண்டு கைக்குள் என் கைகள், மீதி ஆறிலும் பஞ்சு. வெயிலில் வெந்து நான் கோஷம் போடுவேன். என் வீட்டுக்காரர் அதை ஆவணப்படமாக எடுப்பார். காவலாளிகள் என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போனபோதுகூட, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, முகத்துல வெளிச்சமே இல்ல" என்றார் அந்த மகராசன்.

கடைசியில் விஷயம் துறைமுகக் குழுவின் ஓட்டெடுப்புக்கு வந்தது. தோற்றால் மறுநாளே தோண்டும் கப்பல் வந்துவிடும். நல்ல சேலை கட்டி, பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கேமராவோடு என் வீட்டுக்காரரும் பின்னால் வந்தார்.

குழுத் தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பொதுமக்கள்கிட்ட கருத்து கேட்டு முடிச்சாச்சும்மா. கடல்வாழ் உயிரினங்களோட நாற்காலி மட்டும்தான் காலி. நீங்க உயிரினமா?"

"பின்னே, பிணமா?"

"கடல்ல வாழணும்மா."

வண்டிக்கு ஓடிப்போய் வேஷத்தை மாட்டிக்கொண்டு வந்தேன். "வாங்க வாங்க, உட்காருங்க" என்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். பேச வாயெடுத்தேன்.

"உயிரினங்கள் பேசக்கூடாது. ஓட்டு மட்டும்தான்" என்றார் தலைவர்.

தோண்டலாம் என்று ஆறு உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று நான் இரண்டு கையையும் தூக்கினேன். குமாஸ்தா எண்ணினார். "அவங்க ஆறு, இவங்க ரெண்டு. இவங்களோட மீதி ஆறு கை?"

"நடுநிலைன்னு எழுதிக்கோங்க" என்றார் தலைவர்.

அடப்பாவிகளா, ஆளை எண்ணவில்லை, கையை எண்ணுகிறார்கள்! உடம்பை உலுக்கினேன், குதித்தேன். பஞ்சுக் கைகள் தொங்கியது தொங்கியபடிதான். முகமூடிக்குள் அழுகை முட்டியது. ஒரு வருட உழைப்பு, அந்தப் பாறை, அதன் பொந்துகளில் ஒளிந்திருக்கும் குஞ்சு மீன்கள், எல்லாம் போச்சே!

"ஏங்க!" என்று கத்தினேன்.

அப்படியே அழு, நன்றாக வருகிறது என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மனிதர் கேமராவைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்தார். என் பின்னால் நின்று, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கைகளையும் அள்ளித் தூக்கினார்.

"ஐயா, அநியாயம்! அவருல்ல தூக்குறாரு!" என்று ஓர் உறுப்பினர் துள்ளினார்.

"முடியாதவங்க துணைக்கு ஆள் வெச்சுக்கலாம். விதி இருக்கு" என்றார் தலைவர்.

"அப்போ நாங்களும் ரெண்டு கை தூக்குறோம்!"

"உங்களுக்கு எண்ணி முடிச்சாச்சு. அப்பவே தூக்கியிருக்கணும். இன்னொரு கைதான் பிஸ்கட் தட்டுல இருந்துச்சே!"

குமாஸ்தா பேனா முனையால் ஒவ்வொரு கையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எட்டு.

பாறை பிழைத்தது. ஆனால் படத்தில் அந்த வெற்றி இல்லை. தரையில் கிடந்த கேமராவுக்கு ஒரு மேஜைக் கால்தான் தெரிந்திருக்கிறது. கூடவே அவர் குரல்: "யோவ், சீக்கிரம் எண்ணுங்கய்யா, தோள் விட்டுப்போச்சு."

இதை வெட்டிவிடலாமா என்று எடிட்டர் கேட்டார்.

"வெட்டித்தான் பாருங்களேன்" என்றேன்.